குடியாத்தம் எலும்பு மூட்டு தின முகாம்: ஒரு நர்சம்மாவின் மதிப்புரை

ஆகஸ்ட் 4 எலும்பு மூட்டு தினம். இந்திய எலும்பியல் சங்கம் 2012-இலிருந்து இதை நடத்தி வருகிறது. அந்த வாரம் முழுக்க நாடெங்கும் சங்கத்து டாக்டர்கள் அவரவர் ஊரில் இலவச முகாம் போடுவார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவார்கள், காலையில் நடைப்பயணம் வைப்பார்கள். போன ஆகஸ்டில் குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமுக்கு என் பெரியம்மாவையும் எங்கள் தெருப் பெண்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்த முகாம் எப்படி இருந்தது, அதன் பின்னால் இருக்கும் சங்கத்தால் நமக்கு என்ன பயன், இன்னும் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மாதான். தடுப்பூசி, கண், காசநோய், குடும்ப நலம் என்று எத்தனையோ முகாம்களுக்கு ஆள் திரட்டியிருக்கிறேன். அதனால் முகாம் என்று போனால் பேனரில் யார் படம் இருக்கிறது என்று பார்க்க மாட்டேன். டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறாரா, வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் கையில் என்ன இருக்கிறது, அதன் பிறகு யார் வந்து விசாரிக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். முதலாவதில் இந்த முகாமுக்கு முழு மதிப்பெண். இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் ஒன்றும் கொடுக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது ஏன் எனக்கு முக்கியம் என்று புரியும். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பீடி சுற்றாத பெண்கள் குறைவு. காலையில் வீட்டு வேலை முடிந்து முறத்தை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அப்படியேதான். தறியில் உட்காரும் ஆண்களுக்கு இடுப்பு. தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கழுத்து. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நின்று நின்று குதிகால். இவர்களில் எவரும் எலும்பு டாக்டரை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். வருஷக்கணக்கில் அப்படிப் போட்டுச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் வரை போனவர்களையும் நான் அறிவேன். எலும்பு டாக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்து இவர்கள் ஊருக்கு வருகிறார் என்றால், அதுவே பெரிய விஷயம்.

முகாம் காலையில் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. டோக்கன், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, அப்புறம் டாக்டர். வேலூரிலிருந்து வந்த டாக்டர்கள், அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் என்று நல்ல ஆள் பலம். எக்ஸ்ரே வசதி இல்லை. கல்யாண மண்டபத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. பெண்களைப் பரிசோதிக்கத் தனியாகத் திரை கட்டியிருந்தார்கள். கேட்காமலேயே அதைச் செய்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. முழங்காலைக் காட்டச் சேலையைத் தூக்க வேண்டும் என்பதற்காகவே வலியை மறைக்கிற பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருக்கின்றன. "இன்னா டாக்டரு, மூட்ட மாத்தணும்னு வேற ஒருத்தர் சொல்லிட்டாரு, மாத்தியே ஆவணுமா?" என்று உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டார். டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அவரை எழுந்து நடக்கச் சொன்னார், நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், இடுப்பு மூட்டையும் திருப்பிப் பார்த்தார். ராத்திரியில் வலியால் தூக்கம் கெடுகிறதா, கழிவறைக்கு யார் துணையும் இல்லாமல் போகிறாரா, கோயிலுக்கு நடக்க முடிகிறதா என்று விசாரித்தார். அப்புறம்தான், "பாட்டி, உங்க வேலைய நீங்களே பாத்துக்கிறீங்க, ராத்திரி தூங்குறீங்க. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். தொடைச் சதைய பலப்படுத்தணும், கீழ குந்துறத நிறுத்தணும்" என்றார்.

தேய்மானம் எக்ஸ்ரேயில் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து மட்டும் மூட்டு மாற்று அறுவையை முடிவு செய்யக் கூடாது. வலி எவ்வளவு, அன்றாட வேலை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது எலும்பியலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு எலும்பும் ஒட்டிப் போச்சு, உடனே மாத்தணும்" என்று பயமுறுத்துகிற பேச்சைக் கேட்டவர்களுக்கு, இந்தப் பத்து நிமிஷப் பரிசோதனை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். பிசியோதெரபி படிக்கும் ஒரு பெண் பெரியம்மாவை பெஞ்சில் உட்காரவைத்து, காலை நீட்டி, தொடைச் சதையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பெரியம்மா தானாகச் சரியாகச் செய்யும்வரை விடவில்லை.

மூட்டு ஜவ்வு வளரும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளைப் பற்றி எங்கள் தெரு செல்வி கேட்டாள். குளுக்கோசமின் மாத்திரைதான். டாக்டர் அதற்கும் நேராகப் பதில் சொன்னார்: நம்பிச் செலவு செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க எலும்பியல் மருத்துவர்களின் அகாடமி 2013-இல் வெளியிட்ட முழங்கால் வழிகாட்டுதலிலேயே குளுக்கோசமினைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல செருப்பும் ஒரு கைத்தடியும் வாங்கலாம் என்றார். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதை அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

முகாமிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் இளம் டாக்டர் புத்தூர் கட்டைப் பற்றிப் பேசியது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதல் பேச்சே புத்தூர்தான். திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் வழியில் ஆந்திராவில் இருக்கிறது அந்த ஊர். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, துணி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். செலவு குறைவு, அட்மிஷன் கிடையாது, அன்றே வீடு திரும்பிவிடலாம். இப்போது ஊருக்கு ஊர் அதே பெயரில் பலகை வேறு. இதைப் பற்றிப் பேச வருகிற டாக்டர்கள் வழக்கமாக ஜனங்களைத் திட்டுவார்கள். திட்டினால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் அங்கேயே போவார்கள்.

இந்தப் பிள்ளை திட்டவில்லை. "எலும்பு விலகாம, சும்மா கீறல் விட்டிருந்தா, அசைக்காம கட்டி வெச்சாலே கூடிரும். மாவுக்கட்டுன்னாலும் சரி, மூங்கில் கட்டுன்னாலும் சரி, எலும்பு தானாத்தான் கூடுது. அதனாலதான் அங்க போன பல பேருக்கு நல்லாயிருக்கு" என்று ஆரம்பித்தார். மண்டபமே அமைதியாகிவிட்டது. தாங்கள் முட்டாள்கள் இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார்கள்.

எந்த முறிவைக் கட்டி வைக்கவே கூடாது என்று விவரமாகச் சொன்னார். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, காயம் வழியாக ரத்தம் கசிந்தாலோ கட்டுக்காரரிடம் போகவே கூடாது. உள்ளே போன அழுக்கைக் கழுவி எடுக்க ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே முறிந்தால் அங்கே ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் நசுங்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் உடனே மருத்துவமனை. முழங்கையில் அடிபட்டதும் எண்ணெய் போட்டு நீவுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அப்படி நீவினால் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போய்விடும் என்று படம் காட்டி விளக்கினார். இதை ஒரு பாட்டி நம்பவே இல்லை. எழுந்து நின்று கேட்டார். அவருக்காக இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னார்.

கட்டு எதுவாக இருந்தாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்களைப் பார்க்கச் சொன்னார். விரல் நீலமாகிறதா, ஜில்லென்று இருக்கிறதா, மரத்துப் போகிறதா, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி வருகிறதா? அப்படியென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே சதை வீங்கி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது. சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில், இறுக்கிக் கட்டிய கட்டால் கை கறுத்துப்போன ஒரு பையனை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் யாராவது ஒருவருக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தால் அவன் விரல்கள் மிஞ்சியிருக்கும். அதனால்தான் அந்தப் பேச்சு நடந்த அரை மணி நேரத்தை முகாமின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவைப் பற்றியும் பேசினார். கழிவறையில் வழுக்கி விழுந்து, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு முறிவுதான் என்று நினைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். "வயசாச்சு, ஆபரேஷன் எதுக்கு, படுக்கையிலயே இருக்கட்டும்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது இரக்கம் போலத் தெரியும். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். உடம்பு தாங்கும் என்றால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து உட்காரவைப்பதுதான் உலகம் முழுக்கப் பின்பற்றும் முறை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோகச் சொன்னார். சாலை விபத்தாக இருந்தால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசே பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது கூட்டத்தில் பலருக்குப் புதுச் செய்தி.

இனி குறை. மண்டபத்தின் வலது பக்கம் எலும்பு அடர்த்தி இலவசமாகப் பார்க்கிறோம் என்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு நிமிஷத்தில் சீட்டு வரும். அந்த மேசையை நடத்தியது ஒரு மருந்து கம்பெனியின் ஆட்கள். சீட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம், பக்கத்தில் ஓர் எண். சிவப்பு வந்தவர்களுக்கு அதே கம்பெனியின் கால்சியம் மாத்திரை அட்டை. மஞ்சள் வந்தவர்களுக்கும் அதே அட்டை. நாற்பது வயதுகூட ஆகாத எங்கள் தெருப் பெண்ணுக்குச் சிவப்பு வந்துவிட்டது. எலும்பு உளுத்துப் போய்விட்டது என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எலும்பு அடர்த்திக்கு டி ஸ்கோர் என்று ஓர் எண் சொல்வார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவு. அந்த அளவு டெக்ஸா என்ற எக்ஸ்ரே முறையில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுப்பதற்குத்தான் பொருந்தும். அதுவும் முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கும். குதிகால் பெட்டி ஒலி அலையை வைத்துப் பார்க்கிறது; யாருக்கு டெக்ஸா எடுக்கலாம் என்று சலித்தெடுக்கும் சல்லடை அது. அந்தச் சீட்டை வைத்து நோய் என்று சொல்லவும் முடியாது, வருஷக்கணக்கில் மாத்திரை தரவும் கூடாது.

மூத்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மைக்கை வாங்கி, குதிகால் சீட்டை யாரும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சீட்டோடு வந்து எங்களைப் பாருங்கள் என்று அறிவித்தார். நல்ல மனிதர். ஆனால் அதற்குள் நிறையப் பேர் சீட்டையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். இப்படி ஒரு மேசையை மண்டபத்துக்குள் விட்டதே தவறு. சங்கத்தின் பெயர் போட்ட பேனருக்குக் கீழே நடக்கிற எதையும் ஜனங்கள் சங்கம் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மருந்து பிரதிநிதியாக இருக்கும் என் தம்பி மகனிடம் இதைப் பற்றிப் பேசினேன். மருந்து கம்பெனிகளிடம் டாக்டர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற விதிக்குள் முன்பு டாக்டர்களின் சங்கங்களும் இருந்தன என்றும், 2016-இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்திச் சங்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டது என்றும் சொன்னான். தனி டாக்டருக்குத் தப்பு என்றால் டாக்டர்கள் கூடுகிற சங்கத்துக்கு மட்டும் எப்படிச் சரியாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. விதி கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். முகாமில் கம்பெனி மேசை கிடையாது என்று சங்கமே ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

கால்சியம் பற்றி இன்னொன்று. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் வேண்டும் என்பார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வட ஆற்காட்டில் களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்த ஜனங்களிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை, மாத்திரை அட்டைதான் கொடுத்தார்கள். வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டும் அப்படித்தான். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எட்டு வாரம் எழுதித் தருவார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதாததால் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மயக்கம், சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

அந்தச் சங்கம் கவர்மெண்ட் ஆபீசா என்று திரும்பும்போது பஸ்ஸில் செல்வி கேட்டாள். இல்லை. எலும்பு டாக்டர்கள் தாங்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. முன்பு அறுவை மருத்துவர்களின் பொதுச் சங்கத்துக்குள் ஒரு பிரிவாக இருந்தவர்கள், 1955-இல் அமிர்தசரஸில் கூடித் தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1967-இலிருந்து தங்களுக்கென்று ஓர் ஆய்விதழ் நடத்துகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை தேசிய மாநாடு. மாநிலத்துக்கு மாநிலம் சங்கம், தமிழ்நாட்டுக்கும் உண்டு. சின்ன ஊரில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் புது முறைகளைக் கற்றுக்கொள்வதும், தான் செய்வதை மற்றவர்கள் முன் வைத்துக் கேள்வி கேட்க விடுவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் இருபது வருஷத்துக்கு முன் படித்ததையே செய்துகொண்டிருப்பார்கள்.

சங்கத்துக்கு இல்லாத அதிகாரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டாக்டர் தவறு செய்தார் என்றால் சங்கம் அவருடைய பதிவைப் பறிக்க முடியாது. அதற்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. நஷ்டஈடு என்றால் நுகர்வோர் நீதிமன்றம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூட்டு விலையைக் குறைத்தது சங்கம் என்று முகாமில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் இல்லை. 2017 ஆகஸ்டில் மருந்து விலை நிர்ணய ஆணையம்தான் செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாங்கிய சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது.

சங்கத்தால் மட்டுமே முடியக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. யாருக்கு எந்த ஆபரேஷன், எந்தக் கம்பெனி மூட்டு, எத்தனை வருஷம் தாங்கியது என்ற பதிவேடு. ஸ்வீடனில் முழங்கால் மாற்றுக்கு 1975-இலிருந்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த நாட்டு எலும்பியல் சங்கமே 1999-இல் ஆரம்பித்தது. டீப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு சீக்கிரம் பழுதாகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பதிவேடுதான். 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்க அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது, அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. இங்கே இடுப்பு, முழங்கால் மாற்று செய்கிறவர்களின் தனிச் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் எழுதுவதும் எழுதாததும் டாக்டரின் விருப்பம். அதைக் கட்டாயமாக்கச் சொல்லி எல்லா எலும்பு டாக்டர்களும் ஒரே குரலில் கேட்டால் அரசு மறுக்காது. அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது, ஆபரேஷன் செய்துகொண்டால் மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பது. கம்பெனி பெயரும் எண்ணும் அதில் இருக்கும்.

முகாமுக்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. மேல்பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் வேலூருக்குப் போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர்கூடப் போகவில்லை. ஒரு நாள் பீடிக் கூலி போய்விடும் என்பதுதான் காரணம். இத்தனைக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். முகாமில் எழுதிய பெயர்ப் பட்டியலை அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்திருந்தால் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் வீடு வீடாகப் போய் மீதியைப் பார்த்திருப்பாள். இதற்குப் பணம் வேண்டாம், பட்டியலின் நகல் ஒன்று போதும். பிசியோதெரபி கற்றுக்கொடுத்த பயிற்சியைத் தமிழில் படம் போட்ட ஒரு தாளாகக் கொடுத்திருக்கலாம். பெரியம்மாவுக்கு நான்தான் நோட்டில் வரைந்து கொடுத்தேன்.

குழந்தைகளுக்கென்று தனி மேசை இல்லாததும் பெரிய குறை. பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த சில வாரத்திலேயே ஆரம்பித்தால் பெரிய ஆபரேஷனே வேண்டாம். வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள், கடைசியில் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் (சதையை எலும்போடு சேர்க்கும் நார்) ஒரு சின்ன வெட்டு, அப்புறம் நாலைந்து வயது வரை ராத்திரியில் பட்டை போட்ட பூட்ஸ். பொன்சேட்டி என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை இது. பூட்ஸை நிறுத்திவிட்டால் பாதம் திரும்பவும் மடங்கும், அங்கேதான் தாய்மார்கள் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்குத் தெம்பு சொல்ல ஒரு முகாமைவிட நல்ல இடம் எது?

வேலூரைப் பார்த்துத்தான் எனக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு. 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டிய ஊர் இது. தொழுநோயாளிகளின் புண் உணர்ச்சி போனதால் வருகிறது, அதைத் தடுக்கலாம் என்று புரியவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தார். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்தார், பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை எழுப்பினார். நோயாளி வீடு திரும்பி வேலைக்குப் போகும்வரை விடாத வழக்கம் இந்த மண்ணில் எழுபது வருஷமாக இருக்கிறது.

அடுத்த ஆகஸ்டில் போகிறவர்களுக்கு: பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போனால் டாக்டருக்கு உங்களைப் பார்க்க நேரம் இருக்கும். என்ன நோய், ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி உண்டா, மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். குதிகால் பெட்டி மேசை இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு போங்கள். திரும்பி வந்ததும் சீட்டை உங்கள் ஊர் நர்சிடம் காட்டிப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.